மூடுபனியில் ரன்வேயைக் காட்ட எத்தனை செயற்கைக்கோள் வேண்டும்?

பெங்களூரில் ஏரோஸ்பேஸ் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "என் ஃபோன் மூன்று மீட்டர் துல்லியத்தில் இடம் காட்டுகிறது. ஜிபிஎஸ், கலிலியோ, குளோனாஸ், பெய்டோ எல்லாம் சேர்த்தால் வானத்தில் நூறு செயற்கைக்கோளுக்கு மேல். அப்புறம் ஏன் டிசம்பர் காலையில் தேவனஹள்ளி விமான நிலையத்தில் பனி இறங்கினால் சில விமானங்கள் சென்னைக்குத் திருப்பி விடப்படுகின்றன? நம் நாட்டின் சொந்த இடங்காட்டும் தொகுதியான நாவிக்கில் இன்னும் சில செயற்கைக்கோள்களைச் சேர்த்தால் போதாதா? இதையே இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்தால் எங்கே ஆரம்பிப்பது?"

நல்ல கேள்வி. இந்தத் துறையில் பெங்களூரில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று மீட்டர். அது பெரும்பாலான நேரங்களில் இருக்கும் பிழையின் அளவு. எப்போதாவது ஃபோன் உங்களை அடுத்த தெருவில் காட்டினால் நீங்கள் நிமிர்ந்து பார்த்துத் திருத்திக்கொள்வீர்கள். மேகத்துக்குள் இறங்கும் விமானிக்கு நிமிர்ந்து பார்த்தால் தெரிவது வெள்ளை மட்டும்தான். அவருக்கு வேண்டியது வேறு ஒரு உத்தரவாதம்: காட்டும் இடம் ஓர் எல்லைக்கு மேல் தவறாகப் போனால், சில விநாடிகளுக்குள் "என்னை நம்பாதே" என்று கருவியே சொல்ல வேண்டும். நாங்கள் இதை இன்டெக்ரிட்டி என்கிறோம். தரையிறக்கத்துக்காகச் செயற்கைக்கோள் தொகுதியை வடிவமைப்பதில் பாதிக்கு மேல் வேலை இதுதான்.

எண்களில் சொன்னால் தெளிவாகும். 200 அடி உயரம் வரை செயற்கைக்கோளை வைத்தே இறங்கிவரும் முறைக்கு எல்பிவி-200 என்று பெயர். அதற்கு சர்வதேச அமைப்பான ஐகாவோ போட்டிருக்கும் எல்லை, பக்கவாட்டில் 40 மீட்டர், செங்குத்தில் 35 மீட்டர். பிழை இதைத் தாண்டினால் 6 விநாடிக்குள் எச்சரிக்கை வர வேண்டும். எச்சரிக்கை வராமலே தாண்டிவிடும் வாய்ப்பு ஓர் இறக்கத்துக்கு ஒரு கோடியில் இரண்டு, அதாவது 50 லட்சம் இறக்கங்களில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. 6 விநாடி ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று டிகிரி சரிவில் 140 நாட் வேகத்தில் வரும் விமானம் விநாடிக்குச் சுமார் 3.8 மீட்டர் கீழே இறங்குகிறது. 6 விநாடியில் 22 மீட்டருக்கு மேல். 200 அடி என்பதே 60 மீட்டர்தான். எச்சரிக்கை கொஞ்சம் பிந்தினால் அதைக் கேட்டுப் பயனில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. விமானத்தில் இருக்கும் ரிசீவருக்குத் தன் உண்மையான பிழை எவ்வளவு என்று தெரியாது. தெரிந்தால் அதைக் கழித்துவிடலாமே. ஆகவே அது ஒரு மதிப்பீடு செய்கிறது: ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னலிலும் எவ்வளவு சந்தேகம் இருக்கிறது, அவை வானத்தில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை வைத்துத் தன் உயரக் கணிப்பின் திட்டவிலக்கத்தைக் கண்டு, அதை 5.33 ஆல் பெருக்குகிறது. வரும் எண்தான் செங்குத்துப் பாதுகாப்பு அளவு. அது 35 மீட்டருக்குள் இருந்தால் இறங்கலாம், தாண்டினால் அந்த முறையில் இறங்கக் கூடாது. 35-ஐ 5.33 ஆல் வகுத்தால் 6.5 மீட்டர் சொச்சம். உண்மைப் பிழை அந்த நேரத்தில் ஒரு மீட்டராகவே இருந்தாலும், "6.5 மீட்டருக்கு மேல் சந்தேகம் இல்லை" என்று நிரூபிக்க முடியாவிட்டால் அனுமதி கிடையாது. பெரும்பாலான நாட்களில் கருவி சரியாகத்தான் காட்டும். அது சரி என்பதற்கான நிரூபணம் இல்லாத நிமிடங்களில்தான் கதவு மூடுகிறது.

அப்புறம் ஏன் செங்குத்துத் திசையை மட்டும் இவ்வளவு பேசுகிறோம்? ஒரு பந்தல் கம்பத்தை நாலா பக்கமும் கயிறு கட்டி இழுத்து வைத்தால் எந்தப் பக்கமும் சாயாது. பக்கவாட்டுத் துல்லியம் அப்படி. செயற்கைக்கோள்கள் கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் இருப்பதால் ஒன்றின் பிழையை எதிர்ப்புறத்தில் இருப்பது சமன் செய்துவிடும். உயரத்துக்கு அந்த வசதி இல்லை. எல்லாச் செயற்கைக்கோளும் தலைக்கு மேலேதான். காலுக்குக் கீழே பூமி மறைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு ரிசீவரின் கடிகாரப் பிழையையும் அதே சிக்னல்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நானோ விநாடி என்றால் 30 சென்டிமீட்டர். எல்லாத் தூரங்களும் ஒரே அளவு கூடித் தெரிந்தால், கடிகாரம் முந்தியதா, விமானம் தாழ்ந்ததா என்று பிரித்தறிவது கடினம். பிரித்துக் காட்டுபவை தொடுவானத்துக்கு அருகே இருக்கும் தாழ்வான செயற்கைக்கோள்கள்தான். ஆனால் தாழ்வானவற்றின் சிக்னல் வளிமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது, கட்டடங்களிலும் விமானத்தின் உடம்பிலும் பட்டுத் தெறிக்கிறது. எது தேவையோ அதுவே அழுக்காகவும் வருகிறது. வழக்கமாக 5 டிகிரிக்குக் கீழே இருப்பதை விட்டுவிடுவோம்.

இன்று பல ஜெட் விமானங்கள் ஜிபிஎஸ் வைத்துத்தானே இறங்குகின்றன என்று கேட்கலாம். பக்கவாட்டுக்கு ஜிபிஎஸ், உயரத்துக்குக் காற்றழுத்தமானி என்ற கலவைதான் அவற்றில் பெரும்பாலானவை. அதற்கான குறைந்தபட்ச உயரமும் அதிகம்.

இனி வடிவமைப்பு. தொகுதியை வரையும்போது முதல் முடிவு உயரம். சில நூறு கிலோமீட்டரில் வைத்தால் ஒவ்வொன்றும் பார்க்கும் நிலப்பரப்பு சிறியது, உலகம் முழுக்க நான்கைந்து எப்போதும் தெரிய நூற்றுக்கணக்கில் ஏவ வேண்டியிருக்கும். 36,000 கிலோமீட்டர் புவிநிலைப் பாதையில் வைத்தால் எல்லாமே நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரே வளையத்தில் அடைந்துகிடக்கும், வடிவியல், அதாவது வானத்தில் அவை பரவியிருக்கும் விதம், பாழ். இடையில் 20,000 கிலோமீட்டர் வாக்கில்தான் நான்கு உலகத் தொகுதிகளும் நிற்கின்றன. ஜிபிஎஸ் சுமார் 20,200, குளோனாஸ் 19,100, கலிலியோ 23,222 கிலோமீட்டர். பெய்டோ மட்டும் 24 நடுப்பாதைச் செயற்கைக்கோள்களுடன் ஆசியாவுக்கு மேல் உயரமான பாதைகளில் இன்னும் ஆறைச் சேர்த்துக்கொண்டது.

அடுத்தது எத்தனை தளங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஜிபிஎஸ் தன் 24 இடங்களை ஆறு சுற்றுப்பாதைத் தளங்களில் நான்கு நான்காகப் பிரித்தது. கலிலியோவும் குளோனாஸும் மூன்று தளங்களில் எட்டு எட்டாக வைத்தன. ஆறு தளங்கள் என்றால் எந்தத் தளத்தில் ஒன்று போனாலும் பள்ளம் சிறியது. ஆனால் மாற்று வைப்பது செலவு. ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எரிபொருள் தாங்காது, ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் தனி உபரி வேண்டும். மூன்று தளங்கள் என்றால் ஒரு தளத்தின் உபரி அந்தத் தளத்தின் எட்டு இடங்களில் எதற்கு வேண்டுமானாலும் மெல்ல நகர்ந்து போய் நிற்கலாம். ஒரே ராக்கெட்டில் நான்கை ஏற்றி ஒரே தளத்தில் இறக்கலாம், ஏரியான்-5 கலிலியோவுக்கு அதைத்தான் செய்தது. ஜிபிஎஸ் வடிவமைத்தவர்கள் ஒரு தளத்துக்குள் நான்கையும் சம இடைவெளியில் வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். சமமாக வைத்தால் படம் அழகு. ஒன்று செத்தால் வரும் ஓட்டை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக இடைவெளிகளை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் வைத்தார்கள். முழுத் தொகுதி தரும் சராசரியைவிட, ஒன்று குறைந்த தொகுதி தரும் மோசமான நிமிடம் முக்கியம் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள்.

இன்னொரு நுணுக்கம். ஜிபிஎஸ் ஒரு நட்சத்திர நாளுக்குச் சரியாக இரண்டு சுற்று. அதனால் தினமும் அதே தடத்தின் மேல் போகிறது, பூமியின் ஈர்ப்பில் உள்ள மேடு பள்ளம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்துச் செயற்கைக்கோளை நகர்த்துகிறது. அடிக்கடி திருத்த வேண்டும், திருத்தும்போது அந்தச் செயற்கைக்கோள் சேவையிலிருந்து விலகும். கலிலியோ 10 நாளில் 17 சுற்று என்று தேர்ந்தெடுத்ததால் இந்தத் தொல்லை குறைவு. விமானத்தை இறக்கும் தொகுதிக்கு, ஒவ்வொரு விலகலும் ஒரு தற்காலிகக் காலியிடம்.

சரி, செயற்கைக்கோள் கெட்டால் என்ன ஆகும்? சும்மா மௌனமானால் நல்லது. 2004 ஜனவரி 1 அன்று ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் அணுக்கடிகாரம் தடம் மாறியது. சிக்னல் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, பிழை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. அதைப் பயன்படுத்தாதே என்ற குறி வானிலிருந்து வரச் சுமார் மூன்று மணி நேரம் ஆனது. மூன்று மணி நேரம் எங்கே, 6 விநாடி எங்கே! தொகுதியை நடத்துபவரின் கண்காணிப்பை மட்டும் நம்பி விமானம் இறங்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1993-ல் இன்னொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் அலை வடிவமே லேசாக நசுங்கிப்போய், ரிசீவருக்கு ரிசீவர் வேறுபட்ட பிழையைத் தந்தது. தரைநிலையத்தில் ஒரு வகை ரிசீவரும் விமானத்தில் வேறு வகையும் இருந்தால், திருத்தமே சில மீட்டர் தவறாகப் போகும். அதற்குப் பிறகு அலை வடிவத்தையும் கண்காணிப்பது கட்டாயம் ஆனது.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ரிசீவரே சோதிப்பது. இடம் காண நான்கு செயற்கைக்கோள் போதும். ஐந்தாவது இருந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று தெரியும், ஆறாவது இருந்தால் எது என்று கண்டு விலக்கலாம். ஒவ்வொன்றையும் விலக்கிய பிறகும் மிச்சம் இருப்பவற்றின் வடிவியல் நன்றாக இருக்க வேண்டும் என்பதால், செங்குத்து வழிகாட்டலுக்கு ஒரு தொகுதி மட்டும் போதாது, இரண்டு வேண்டும். அப்படி இரண்டைச் சேர்க்கும்போது வரும் கேள்வி, முழுத் தொகுதியும் ஒரே சமயத்தில் கெடுமா என்பது. கெட்டிருக்கிறது. 2014 ஏப்ரல் 1 இரவு குளோனாஸின் எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் தவறான பாதைத் தரவு ஏற்றப்பட்டு, பல மணி நேரம் தொகுதியே உதவாமல் போனது. 2019 ஜூலையில் கலிலியோவின் தரைக் கட்டமைப்பில் வந்த கோளாறில் சேவை கிட்டத்தட்ட ஒரு வாரம் நின்றது. ஒரு செயற்கைக்கோளும் பழுதாகவில்லை. ஆகவே உபரிகளை வானத்தில் மட்டும் வைத்துப் பயனில்லை, தரைநிலையங்களும் நேரக் கட்டமைப்பும் ஒன்றைச் சாராமல் ஒன்று இருக்க வேண்டும். உங்கள் புராஜெக்டில் இதை மறந்துவிடாதீர்கள், பலரும் சுற்றுப்பாதைப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி நம் ஊரிலேயே ஓடுகிறது. இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து கட்டிய ககன். நாடு முழுக்க 15 நிலையங்கள் ஜிபிஎஸ் சிக்னலைக் கேட்கின்றன. ஒவ்வொன்றின் இடமும் சென்டிமீட்டர் கணக்கில் தெரியும் என்பதால் பிழையும் தெரியும். பெங்களூரு குந்தலஹள்ளியில் இருக்கும் கட்டுப்பாட்டு மையம் அதைத் தொகுத்து, திருத்தங்களையும் "இதை நம்பாதே" என்ற எச்சரிக்கைகளையும் பெரிய டிஷ் ஆன்டெனா வழியாக ஜிசாட்-8, ஜிசாட்-10 செயற்கைக்கோள்களுக்கு ஏற்றுகிறது. அவை ஜிபிஎஸ் அலைவரிசையிலேயே விமானத்துக்கு அனுப்புகின்றன. ஜிசாட்-15 மாற்றாக நிற்கிறது. 2015 ஏப்ரலில் செங்குத்து வழிகாட்டலோடு கூடிய இறக்கத்துக்கு, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ சான்று கொடுத்தது. இதன் வகை ஏபிவி-1, செங்குத்து எல்லை 50 மீட்டர், எச்சரிக்கை நேரம் 10 விநாடி. நிலநடுக்கோட்டுப் பகுதியில் இப்படி ஒன்று சான்று பெற்றது உலகத்திலேயே அதுதான் முதல். 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ஒன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் ககனை வைத்துச் சோதனையாக இறங்கியது. ரன்வே அருகிலிருந்து ரேடியோ அலையால் விமானத்துக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் கருவி வைத்துப் பராமரிக்கக் கட்டுப்படியாகாத சிறிய நிலையங்களுக்கு இது பெரிய வரம். ரன்வே முனையில் எதையும் நட வேண்டியதில்லை.

இந்தத் திருத்தத்தைச் சுமக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கும் அதே விதிதான்: ஒன்று போனாலும் நிற்கக் கூடாது. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் திருத்தச் சேவையைச் சுமந்த கேலக்ஸி-15 கட்டளைக்கு அடங்காமல் நகர ஆரம்பித்தது. அதே மாதம் நம் ஜிஎஸ்எல்வி தோற்று, ககன் கருவியுடன் போன ஜிசாட்-4 கடலில் விழுந்தது. 2011-ல் போன ஜிசாட்-8 பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் என்ற கணக்கில் கட்டப்பட்டது. ஆக, அடுத்தது எப்போது என்ற கேள்வி வடிவமைப்பின் உள்ளேயே இருக்க வேண்டும்.

இனி நம் வானத்துக்கே உரிய பிரச்சினை, அயனி மண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் வெளிநாட்டுக் கணக்கை அப்படியே எடுத்துவந்தால் தோற்றுப்போவோம். காந்த நிலநடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கே அதுதான் காரணம். பகலில் அந்தக் கோட்டுக்கு மேலே எலக்ட்ரான்கள் ஊற்றுப்போல எழும்பி இரண்டு பக்கமும் சரிந்து குவிகின்றன. வடக்குக் குவியல் குஜராத்திலிருந்து வங்காளம் வரை நாட்டின் நடுவில் விழுகிறது. பெங்களூரு கோட்டுக்கும் குவியலுக்கும் நடுவிலுள்ள சரிவில் இருக்கிறது. சிக்னல் கடக்கும் பாதையில் உள்ள மொத்த எலக்ட்ரான் அளவு சூரிய உச்ச ஆண்டுகளில் 100 அலகை (டிஇசி அலகு) தாண்டும். 100 அலகு என்றால் ஜிபிஎஸ் எல்1 அலைவரிசையில் நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்கே 16 மீட்டர் தாமதம், தாழ்வானதற்கு அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அமெரிக்கா, ஐரோப்பாவில் அமைதியான நாளில் அயனி மண்டலத்தை 350 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய தாளாக நினைத்துக் கணக்குப் போடலாம். இங்கே அது எடுபடாது. இஸ்ரோ பல அடுக்குகளாகக் கணக்கிடும் தனி மாதிரியை உருவாக்கியதால்தான் ககனுக்குச் சான்று கிடைத்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அங்கேயும் புயல் வந்தால் கதை வேறு: 2003 அக்டோபர் 29, 30 தேதிகளின் சூரியப் புயலில் அமெரிக்கச் சேவையின் செங்குத்து வழிகாட்டல் முதல் நாள் 15 மணி நேரம், மறுநாள் 11 மணி நேரம் நின்றுபோனது. தவறாக வழிகாட்டவில்லை, "முடியாது" என்று சொல்லிவிட்டது. இன்டெக்ரிட்டி வேலை செய்தது, சேவை கிடைப்பதுதான் போனது.

தாமதத்துக்கு மருந்து இருக்கிறது. எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளைக் கேட்டால் அயனி மண்டலத்தின் தாமதத்தை ரிசீவரே நேரடியாகக் கழித்துவிடும். விலை, இரைச்சல் சுமார் 2.6 மடங்கு பெருகும். அந்தப் பெருக்கத்தைத் தாங்க நல்ல வடிவியல், அதாவது கூடுதல் செயற்கைக்கோள்கள் வேண்டும்.

இரண்டு அலைவரிசையாலும் தீராத ஒன்று இருக்கிறது. சூரியன் மறைந்த சில மணி நேரத்துக்கு, அதிலும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும்பி வானத்தின் ஒரு பகுதியைக் கலக்கிவிடும். அந்தப் பக்கத்துச் சிக்னல்கள் நட்சத்திரம்போல் மின்னி மின்னி ரிசீவரின் பிடியிலிருந்து நழுவும். ஒரு செயற்கைக்கோள் தனியாகப் போவதில்லை, ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று சேர்ந்து போகும். தனித்தனியாகக் கெடுவதை வைத்துப் போட்ட நிகழ்தகவுக் கணக்கு இங்கே பொருந்தாது. அதனால்தான் நம் நாட்டுக்குப் பல தொகுதிகள் தேவை என்று நான் அழுத்திச் சொல்கிறேன். துல்லியம் கூடுவதற்காக அல்ல. மேற்கு வானம் முழுவதும் ஒரு மணி நேரம் இல்லாமல் போனாலும் மிச்சத்தில் பாதுகாப்பு அளவு 35 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பதற்காக.

நாவிக் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்றைய வடிவில் அது தரையிறக்கத்துக்கான தொகுதி இல்லை, அதற்காக வரையப்பட்டதும் இல்லை. திட்டப்படி ஏழு: 32.5, 83, 131.5 டிகிரி கிழக்கில் மூன்று புவிநிலை, மற்ற நான்கும் 29 டிகிரி சாய்வில் எட்டு வடிவத்தில் சுற்றுபவை. பெங்களூரிலிருந்து கணக்கிட்டால் 83 டிகிரியில் இருப்பது 73 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேல். மற்ற இரண்டும் 37, 27 டிகிரி. தொடுவானத்தை ஒட்டி எதுவும் நிலையாக இல்லை, உயரக் கணிப்புக்கு வேண்டிய விரிவு குறைவு. ஏழில் ஒன்று போனாலே வடிவியல் தொய்ந்துவிடும். அடுத்து அலைவரிசை. ஆரம்பச் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் என்ற இரண்டை அனுப்பின. எஸ் பட்டை விமான வழிகாட்டலுக்கென்று ஒதுக்கிப் பாதுகாக்கப்பட்ட பட்டை இல்லை, ஆகவே சான்று பெற்ற விமான ரிசீவர் அதைச் சார்ந்திருக்க முடியாது. எல்1 சிக்னல் 2023 மே மாதம் போன என்விஎஸ்-01 முதல்தான் வருகிறது. அப்புறம் கடிகாரங்கள்: முதல் செயற்கைக்கோளின் மூன்று ருபிடியம் கடிகாரங்களும் செயலிழந்தன. மாற்றாகப் போன ஒன்று 2017-ல் ராக்கெட்டின் வெப்பக்கவசம் திறக்காமல் வீணானது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 உரிய பாதைக்கு உயரவில்லை. அதே 2025-ல் இடங்காட்டும் சேவைக்கு நான்கு செயற்கைக்கோள்களே இயங்குகின்றன என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நான்கு என்பது இடம் காணத் தேவையான குறைந்தபட்சம். சோதிக்க ஒன்றுகூட மிச்சம் இல்லை.

சில செயற்கைக்கோள்களைச் சேர்த்தால் போதுமா என்றால், எங்கே சேர்ப்பது என்பதைப் பொறுத்தது. அதே உயரப் பாதைகளில் இன்னும் நான்கு போட்டால் உபரி கிடைக்கும், தாழ்வான கோணங்கள் கிடைக்காது. நடுப்பாதையில் ஒரு தொகுதி வேண்டும் என்பது என் கருத்து, அது பெரிய செலவு, பல ஆண்டு வேலை. அதுவரை பலன் தரக்கூடியது ககனை இரண்டு அலைவரிசைக்கு மாற்றி, ஜிபிஎஸ்ஸோடு இன்னொரு உலகத் தொகுதியையும் எல்1, எல்5 நாவிக்கையும் அதன் கண்காணிப்புக்குள் கொண்டுவருவது. குந்தலஹள்ளியின் அனுபவம் அதற்கு முழுமையாகப் பயன்படும்.

தேவனஹள்ளியின் பனிக்கு இது எதுவும் நேரடி விடை இல்லை. அடர்பனியில் இறங்க கேட்-3 தரம் (கேட்-1, 2, 3 என்ற வரிசையில் மிகக் குறைந்த பார்வைத் தூரத்திலும் இறங்க விடுவது) வேண்டும், அதற்கான ஐஎல்எஸ் அங்கே தெற்கு ரன்வேயில் இருக்கிறது. விமானமும் விமானிகளும் அதற்குத் தகுதி பெற்றிருந்தால் இறங்கலாம், இல்லாதவர்கள்தான் திருப்பப்படுகிறார்கள். செயற்கைக்கோள் வழியில் அந்தத் தரத்தை எட்ட, விமான நிலையத்திலேயே திருத்த நிலையம் வைக்கும் ஜிபிஏஎஸ் என்ற முறை வேண்டும். சிட்னி போன்ற இடங்களில் அது கேட்-1 தரத்திலும், ஃபிராங்க்ஃபர்ட்டில் 2022 முதல் கேட்-2 தரம் வரையிலும் வந்திருக்கிறது.

ஐஎல்எஸ்ஸைக் கழற்றிவிடலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பேன். தரைக்கு வரும் ஜிபிஎஸ் சிக்னலின் வலு ஒரு வாட்டில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு. பக்கத்தில் ஒரு சிறிய கருவி இரைச்சல் போட்டால் மூழ்கிவிடும், போலிச் சிக்னலும் அனுப்ப முடியும். 2025 நவம்பரில் டெல்லியில் இறங்கிய சில விமானங்கள் இப்படிப் போலி ஜிபிஎஸ் சிக்னலைச் சந்தித்தன. வானத்தில் இருநூறு செயற்கைக்கோள் இருந்தாலும் இதற்குத் தீர்வாகாது, ஏனென்றால் எல்லாமே பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகளில்தான் பேசுகின்றன. பெரிய நிலையங்களில் தரையிலிருந்து வேறு அலைவரிசையில் வரும் வழிகாட்டல் இருந்தே ஆக வேண்டும்.

புராஜெக்ட்டுக்கு வழி சொல்கிறேன். ஜிபிஎஸ்ஸின் யூமா வடிவ அல்மனாக், அதாவது செயற்கைக்கோள்களின் பாதை விவரப் பட்டியல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தானில் அதைப் படித்து, தேவனஹள்ளியின் கெம்பேகவுடா விமான நிலையத்தின் இடத்துக்கு, 5 டிகிரிக்கு மேல் தெரியும் செயற்கைக்கோள்களை ஒரு நாள் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கிடுங்கள். உயரத்துக்கான வடிவியல் காரணியைக் கண்டுபிடித்து, ஒரு செயற்கைக்கோளுக்கு இவ்வளவு பிழை என்று வைத்து, 5.33 ஆல் பெருக்கி 35 மீட்டரோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு செயற்கைக்கோளாக எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், அப்புறம் இரண்டிரண்டாக. எதை எடுத்தால் எல்லை உடைகிறதோ அதுதான் அந்த நிமிடத்தின் முக்கியச் செயற்கைக்கோள். அப்படி ஒன்று இருக்கும் நிமிடங்களில் தொடர்ச்சி விதியும் சிக்கலாகிறது, ஏனென்றால் இறங்கிக்கொண்டிருக்கும்போது 15 விநாடிக்குள் சேவை அறுந்துபோகும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஐகாவோ விதி. ஜிபிஎஸ்ஸே 24 இடங்களில் 21 நிரம்பியிருப்பதற்கு 98 சதவீதம்தான் உறுதி தருகிறது, அந்த எண்ணையும் உங்கள் எடைக் கணக்கில் சேருங்கள். இந்தியர்களாகிய நாம் கூடுதலாகச் செய்ய வேண்டியது கடைசியில் வருகிறது: இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை, வானத்தின் ஒரு கால் பகுதியை மொத்தமாக மறைத்துவிட்டு அதே கணக்கை ஓட்டுங்கள். முதலில் ஜிபிஎஸ் தனியாக, பிறகு கலிலியோவோடு, பிறகு நாவிக்கோடு. அந்த மூன்று வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தப் பாதையில் எத்தனை செயற்கைக்கோள் சேர்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லத் தொடங்குவீர்கள். கணக்கு எங்காவது முட்டிக்கொண்டால் எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.